மியூசிக் வீடியோவுக்கு முன் செய்யும் ஆய்வு: எது வேலைக்கு ஆகிறது, எது அறிக்கையை நிரப்புகிறது

மியூசிக் வீடியோ எடுக்கும் மாணவர்களைப் படப்பிடிப்புக்கு முன்னால் ஆய்வு செய்யச் சொல்வார்கள், வீடியோ முடிந்ததும் அந்த ஆய்வு எப்படி உதவியது என்று மதிப்பிட்டு எழுதவும் சொல்வார்கள். அந்த மதிப்பீட்டை எடுத்துப் படித்தால் பெரும்பாலும் ஒரே குரல்தான்: கருத்துக்கணிப்பு பயனுள்ளதாக இருந்தது, பார்வையாளர்களின் ரசனை புரிந்தது, அவ்வளவுதான். மாணவர் குழுக்களோடு உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் என்பதால் இந்த முறைகளை ஒவ்வொன்றாக விமர்சிக்கலாம் என்று தோன்றியது. நான் எல்லாவற்றிடமும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: உன்னால் எந்த ஷாட் மாறியது?

கருத்துக்கணிப்பிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். கூகுள் ஃபார்ம்ஸ் நல்ல கருவி, இலவசம், போனிலேயே நிரப்பலாம், பதில் வர வர சார்ட் தானாகவே வந்துவிடும், வேண்டுமென்றால் பதில்களை அப்படியே ஷீட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். கருவியில் குறை சொல்ல எதுவும் இல்லை, கேட்கிற கேள்விகளில்தான் பிரச்சினை. "வீடியோவில் கதை இருந்தால் உங்களுக்குப் பிடிக்குமா?" என்று கேட்டால் யார் பிடிக்காது என்று சொல்வார்கள்? எல்லோரும் ஆமாம் என்று டிக் செய்துவிட்டுப் போவார்கள், அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. அதற்குப் பதிலாக "கடைசியாக எந்தப் பாட்டு வீடியோவைப் பாதியில் நிறுத்தினீர்கள், எந்த இடத்தில், ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் குறைவாகத்தான் வரும், ஆனால் வருகிற ஒவ்வொன்றிலும் விஷயம் இருக்கும். இன்னொன்று, ஃபார்ம் போவது நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு, நிரப்புவதும் அவர்களே, அப்புறம் அதற்கு "இலக்குப் பார்வையாளர்கள்" என்று பெயர் வைத்துவிடுகிறோம். இருபது பேர் நிரப்பிய கணிப்பில் 5% என்றால் ஒரே ஒரு ஆள் என்பதை மறக்கவே கூடாது. ஐந்துக்கு இரண்டு கொடுப்பேன், அதுவும் திறந்த கேள்விகள் இருந்தால்.

குழு உரையாடல் இதைவிட மேல். ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். சிக்கல் என்னவென்றால் முதலில் பேசுகிறவர் சத்தமாகப் பேசினால் மற்றவர்கள் அவர் பின்னாலேயே போய்விடுவார்கள், எனவே பேச்சைத் தொடங்குவதற்கு முன் ஆளுக்கொரு தாள் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். படம் எதுவும் காட்டாமல் பாட்டை மட்டும் போட்டு, கண்ணுக்கு என்ன தெரிகிறது, எந்த நேரம், உள்ளேயா வெளியேயா, எத்தனை பேர் என்று எழுதச் சொன்னால் கிடைக்கிற பதில்கள் மிக அருமையானவை. எல்லோருமே இரவு, தனி ஆள், மழை என்று எழுதியிருந்தால் அந்தப் படம் எல்லோர் மனதிலும் ஏற்கெனவே இருக்கிறது என்று அர்த்தம், அதை எடுப்பதா தாண்டிப் போவதா என்று அப்போதே முடிவு செய்துகொள்ளலாம்.

ஆனால் என் முழு மதிப்பெண்ணும் ஷாட் ஷாட்டாக வீடியோ பார்ப்பதற்குத்தான். "அதே வகைப் பாடல்களின் வீடியோக்களைப் பார்த்தேன்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறார்களே, அந்த மேலோட்டமான பார்வையைச் சொல்லவில்லை. கணினியில் யூடியூபை நிறுத்திவிட்டுக் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப்படமாக, பின்னாலும் முன்னாலும் போகலாம். ஒரே ஒரு பல்லவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டும் (ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம்) எந்த நொடியில் விழுகிறது, அது தாளத்தின் மேல் விழுகிறதா, இரண்டு மூன்று ஃபிரேம் முந்தி விழுகிறதா, பாடகரின் உதடு தெரிகிற ஷாட் எத்தனை, கேமரா நகர்கிறதா ஆள் நகர்கிறாரா என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே போங்கள். நான்கு நிமிடப் பாட்டில் 120 ஷாட் இருந்தால் சராசரியாக ஒரு ஷாட் இரண்டு நொடி. இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான், முப்பது ஷாட் எடுத்தால் போதும் என்று நினைத்திருந்த குழுவுக்கு வேலையின் உண்மையான அளவு தெரிகிறது, படப்பிடிப்புத் திட்டமே மாறுகிறது. சரணத்தில் நீளமாக இருந்த ஷாட்டுகள் பல்லவி வந்ததும் பாதியாகச் சுருங்குவதைத் தாங்களே எண்ணிப் பார்த்தவர்கள் எடிட்டிங்கில் உட்காரும்போது தடுமாறுவதில்லை.

கோட்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மியூசிக் வீடியோக்களை ஆராய்ந்த ஆண்ட்ரூ குட்வின் 1992-ல் எழுதியதைப் பாடத்தில் படிக்கிறார்கள்: படம் பாடல் வரியை அப்படியே காட்டலாம், அதன் பொருளை விரிக்கலாம், அல்லது வரிக்குச் சம்பந்தமே இல்லாமல் போகலாம். நல்ல கருவிதான், ஆனால் அறிக்கையில் பெயர் சொல்வதற்காக மட்டும் பயன்படுத்துகிறார்கள். உங்கள் பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இந்த மூன்றில் எது என்று எழுதிப் பாருங்கள், வரி அப்படியே படமாக வருகிற இடங்கள்தான் பட்டியலில் வரிசையாக நிற்கும், எங்கே மாற்ற வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும்.

யூடியூபில் 2022-ல் எல்லோருக்கும் வந்த "அதிகம் மீண்டும் பார்க்கப்பட்ட பகுதி" வரைபடத்தையும் (எந்த இடத்தைப் பலர் திரும்பப் பார்த்தார்களோ அங்கே மேடாக எழும்பும்) சிலர் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். கவனமாக இருங்கள். அந்த மேடு எழும்பியது படத்தாலா இசையாலா என்று அந்த வரைபடம் சொல்லாது.

பலரும் ஆய்வுக் கணக்கிலேயே சேர்க்காத ஒன்று சோதனைப் படப்பிடிப்பு. லொக்கேஷனுக்குப் போய் நான்கு புகைப்படம் எடுத்துவிட்டு வருவது போதாது, எடுக்கப்போகும் அதே நேரத்தில் போய், பாட்டை ஸ்பீக்கரில் போட்டு, ஒரு வரியாவது பாட வைத்து எடுத்துப் பாருங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகிறது, ஸ்பீக்கர் கேமரா பக்கத்திலும் பாடுகிறவர் 34 மீட்டர் தள்ளியும் நின்றால் பாட்டு அவர் காதுக்கு 0.1 நொடி தாமதமாகப் போகும், நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் அது இரண்டரை ஃபிரேம். ஒருவர் மட்டும் என்றால் எடிட்டில் நகர்த்திவிடலாம், முன்னாலும் பின்னாலுமாக நான்கு பேர் நின்று பாடினால் ஒவ்வொரு வாயும் ஒவ்வொரு நேரத்தில் அசையும். எந்தக் கருத்துக்கணிப்பும் இதைச் சொல்லித் தராது.

கடைசியாக அனிமேட்டிக். ஸ்டோரிபோர்டுப் படங்களை, அதாவது ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்கூட்டியே வரைந்த படங்களை, பாட்டின் மேல் நேரப்படி அடுக்கி ஒரு வீடியோவாக்குவது, குச்சி மனிதர்கள் போதும், அழகாக வரைய வேண்டியதில்லை. அதை முன்பு உரையாடலுக்கு வந்தவர்களுக்கே போட்டுக் காட்டி, எதுவும் விளக்காமல், எந்த நொடியில் கவனம் சிதறியது, எங்கே குழம்பியது என்று மட்டும் எழுதி வாங்குங்கள். அந்தக் குறிப்பை ஷாட் பட்டியலில் அந்தந்த ஷாட்டின் பக்கத்திலேயே ஒட்டி வைத்தால், எந்த ஷாட் எதனால் மாறியது என்று மதிப்பீடு எழுத உட்காரும்போது தேடி அலைய வேண்டியிருக்காது.