தோல் சுற்றிய சுத்தியலும் கொழும்பு ஈரலிப்பும்

"சுத்தியலுக்குத் தோல் சுற்றினீங்களே அண்ணை, எப்படிப் போகுது? நானும் சுற்றட்டோ?" என்று வெள்ளவத்தைத் தம்பி ஒருவர் கேட்டார். தையலைப் பிரித்து உள்ளே பார்த்துக் கடுப்பில் இருந்த நேரம். கேட்கக் கூடாத நாளில் கேட்டுவிட்டார்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிடி அருமை. உருக்குக் குழாய்ப் பிடியில் மாட்டிவரும் றப்பர் உறை இந்த ஊர் வெக்கையில் நாள்பட இளகி, கையில் கறுப்பாய் ஒட்டத் தொடங்கும். அதை வெட்டி எறிந்துவிட்டுத்தான் தோலுக்குப் போனேன். மரப்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல், ஒன்றரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. வியர்த்த கையில் றப்பர் வழுக்கும். தோலோ வியர்வையைக் குடித்துவிட்டு இன்னும் இறுக்கிப் பிடிக்கும். நாள் முழுக்க ஆணி அடித்தாலும் உள்ளங்கை கொப்பளிக்காது. அதிர்வு குறையும் என்பார்கள், நம்பாதீர்கள். இந்த மெல்லிய தோல் எந்த அடியைத் தாங்கும்? எஸ்ட்விங் என்ற அமெரிக்கக் கம்பனியின் சுத்தியலில் வருவது வேறு சங்கதி: தோல் வில்லைகளை அடுக்கி அழுத்தி, மேலே லாக்கர் என்ற மினுக்குப் பூச்சுப் பூசியிருப்பார்கள்.

என்னுடைய ஆத்திரமெல்லாம் ஈரலிப்பின்மேல்தான். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் செப்டெம்பர் வரை, லாச்சிக்குள் கிடக்கும் சுத்தியலில் சாம்பல் நிறப் பூஞ்சணம். துடைத்தால் போகும், அடுத்த கிழமை திரும்ப நிற்கும். சப்பாத்துத் தைப்பவர் தேங்காயெண்ணெய் பூசச் சொன்னார்; தோல் தொய்ந்ததுதான் மிச்சம்.

அதையும் பொறுத்தேன். பிரித்துப் பார்த்தால் தோலின் உட்புறம் கன்னங்கரேலென்று கிடக்கிறது, குழாயில் துருப் பொருக்கு. பட்டையின் துவர்ச்சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுக்கும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் போட்டு மை காய்ச்சினவர்களுக்கு இது புதினமில்லை. போதாதென்று வியர்வை உப்பும் கடற்காற்றும் வேறு. வெளியே வடிவாகப் பழுத்து மினுங்கிக்கொண்டே உள்ளுக்குள் உருக்கைத் தின்றிருக்கிறது, கள்ளத் தோல்!

ஆகவே தம்பி, உருக்குப் பிடிக்கு வேண்டாம். மரப் பிடிக்குத் தேவையே இல்லை, அது தன்பாட்டில் நல்லாய்த்தான் இருக்கிறது. என் புள்ளி பத்துக்கு நாலு. மழை விட்ட பிறகு கேட்டிருந்தால் எட்டுப் போட்டிருப்பேன், அது வேறு கதை.

சொன்னால் கேட்கமாட்டீர் என்றும் தெரியும். குஷன் கடையில் தோல் என்று நீட்டினால் வெட்டின ஓரத்தைப் பாரும்; துணி இழை தெரிந்தால் அது ரெக்சின், போலித் தோல். உருக்குக்கு முதலில் வார்னிஷ் அடித்து இரண்டு நாள் காயவிடும். பிடியின் சுற்றளவைவிட இரண்டு மில்லிமீற்றர் குறைத்து வெட்டி, தோலை நனைத்து, மெழுகு நூலால் குறுக்குத் தையல் போட்டு இழும். காயும்போது தானாக இறுகும். தையல் வரி உள்ளங்கைக்கு நேரே வரக் கூடாது, விரல் மடிப்புக்குள்ளும் வரக் கூடாது. பிடிக்கும்போது விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஒரு இடைவெளி விழும், அங்கே விடும். பிறகு லாச்சிக்குள் பூட்டாமல் காற்றுப் படுகிற இடத்தில் ஆணியில் கொழுவும்.

என்னுடையதற்கு வார்னிஷ் அடித்தாயிற்று. நாளைக்குத் தைக்க வேண்டும்.