மாரி விட்டதும் வள்ளம் எங்கே இறக்குவது: ஆறா, குளமா, களப்பா?

இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் மலை இல்லை. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டி முடிந்தால், கோடை முழுக்க வெறும் மணலாகக் கிடந்த ஆறுகள் நிறைந்து ஓடும். சின்ன வள்ளமோ காற்றடைத்த படகோ வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சில கிழமைகள்தான் காலம்.

என் தெரிவு கனகராயன் ஆறு. இரணைமடுக் குளத்துக்கு மேலே, காட்டுக்குள்ளால் வரும் பகுதி. மருத மரங்கள் குனிந்து நிழல் விரித்திருக்கும். மீன்கொத்தி ஒன்று கிளைக்குக் கிளை தாவி நமக்கு முன்னாலேயே போகும். துடுப்பை வலிக்கவே தேவையில்லை, திசை திருப்பினால் போதும்.

ஆனால் நாள் பார்த்துத்தான் இறங்க வேண்டும். மழை பெய்யும்போது ஆறு கலங்கி, முறிந்த மரங்களையும் உருட்டிக்கொண்டு வரும். குறுக்கே விழுந்து கிடக்கும் மரம்தான் பெரிய ஆபத்து. கிளைகளுக்குள்ளால் தண்ணீர் போய்விடும், வள்ளமும் ஆளும் அதில் மாட்டிக்கொள்வார்கள். நான் கரையோரம் ஒரு தடியை நட்டு அடையாளம் வைப்பேன். தண்ணீர் வடிகிறது என்றால் போகலாம். ஏறுகிறது என்றால், வானம் வெளித்திருந்தாலும் திரும்பிவிடுவேன், ஏனென்றால் மேலே வவுனியாப் பக்கம் பெய்த மழை பிந்தித்தான் வந்து சேரும். நிரம்பப் பிந்தினாலோ மணல் திட்டுகளில் வள்ளத்தை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். இன்னொன்று, கண்ட கண்ட இடத்தில் கரையேற வேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள் வன்னிக் காடுகளில் இன்னும் நிற்கின்றன.

குளம் என்றால் இரணைமடு. பிள்ளைகளுடன் போவதற்கும் துடுப்புப் பழகுவதற்கும் ஆற்றை விட இது நல்லது, இழுத்துப்போக ஓட்டம் இல்லை. ஆனால் வாடைக்காற்று எழும்பினால் அந்த வெட்டவெளியில் அலை அடிக்கும், திரும்பி வருவது கஷ்டம். அதனால் விடியற்காலையில் இறங்கி, வெயில் ஏறமுன் கரை சேர்ந்துவிட வேண்டும். குளம் நிரம்பினால் தண்ணீரைத் திறந்துவிடும் வான்கதவுப் பக்கமோ அதற்குக் கீழே உள்ள ஆற்றிலோ எந்த நாளும் போகக் கூடாது. 2018 மார்கழி வெள்ளத்தைக் கண்ட கிளிநொச்சிச் சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. முதலை ஆற்றிலும் உண்டு, குளத்திலும் உண்டு. பொழுதுபட்டபின் இரண்டுமே வேண்டாம்.

களப்பு, அதாவது கடலோரத்து உவர்நீர்ப் பரப்பு, வேறு மாதிரி. கனகராயன் ஆறு போய் விழும் சுண்டிக்குளத்தில் நிழலும் இல்லை, ஓட்டமும் இல்லை. ஆழம் குறைந்த இடத்தில் வள்ளம் தரைதட்டும், இறங்கினால் கால் சேற்றில் புதையும். பறவை பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு மட்டும் சொல்வேன், பூநாரைக் கூட்டம் வந்திறங்கும் காலத்தில் போங்கள். அது தேசிய பூங்கா என்பதால், வனசீவராசிகள் திணைக்களத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நந்திக்கடல் களப்பும் அழகான நீர்தான், முல்லைத்தீவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2009இல், போரின் கடைசி நாட்களில், சனங்கள் கழுத்தளவு தண்ணீரில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கடந்த இடம் அது. வட்டுவாகல் பாலத்தால் போகும்போதெல்லாம் பார்ப்பேன். அங்கே நான் வள்ளம் இறக்கியதில்லை.