பழைய கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி மாட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

கையில் ஐந்தாயிரம் ரூபாய்தான் இருக்கிறது, புதுக் கம்ப்யூட்டர் வாங்க வழியில்லை, இருப்பதிலேயே எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பு டிஸ்க்) மாட்டிக் கொஞ்சம் வேகமாக்கிக்கொள்ளலாம் என்று கடைக்குக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களை ஏமாற்றியது திருச்சியில் ஒரு கடை. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. பெயரைவிட எப்படி ஏமாற்றினார்கள் என்பதுதான் உங்களுக்கு உதவும்.

எங்கள் வீட்டு டெஸ்க்டாப் 2014-ல் வாங்கியது. நாலாம் தலைமுறை இன்டெல் கோர் ஐ3 பிராசசர், ஹெச்81 வகை மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 (பழைய வகை) ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். மகள் பி.காம். படிக்கிறாள், டேலியும் எக்ஸெலும் அதில்தான். மகனுக்குப் பள்ளி வேலை, மாமனாருக்குப் பென்ஷன் விவரம் பார்ப்பது, வீட்டு ஃபோட்டோ எல்லாம் சேர்த்து வைப்பது என்று ஐந்து பேருக்கும் அந்த ஒரு பெட்டிதான். ஆன் செய்துவிட்டு உலை வைத்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். அதோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. இனியும் தள்ளிப்போட முடியாது என்றுதான் போனோம்.

இந்த மாதிரிப் பழைய பெட்டியை அப்கிரேட் பண்ணுவதில் தப்பே இல்லை. விண்டோஸுக்கு ஒரு சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே வகை போர்ட்டில் மாட்டுவது), இருக்கிற ரேமோடு இன்னொரு ரேம். இந்த இரண்டு மட்டும் போதும், டேலி, பிரவுசர், யூடியூப் எல்லாவற்றுக்கும் இன்னும் சில வருஷம் தாங்கும். எங்கள் திட்டம் சரியான திட்டம்தான். அதனால்தான் ஏமாந்தது இவ்வளவு வலிக்கிறது.

கடையில் சொன்ன கணக்கு இது. 512 ஜிபி எஸ்எஸ்டி 2,400. 8 ஜிபி ரேம் 1,300. விண்டோஸ் 11, ஆபீஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்து 1,000. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு 300 கழித்து, மொத்தம் 4,400. "டேட்டா பூரா புது டிஸ்க்குக்கு மாத்திக் குடுத்துடுவோம் மேடம், ஒரு ஃபைல் போகாது" என்றார் ஓனர். பில் கேட்டேன். கையால் எழுதின எஸ்டிமேட் சீட்டுதான் கிடைத்தது. ஜிஎஸ்டி எண் இல்லை, சீரியல் நம்பர் இல்லை, கம்பெனிப் பெயரும் இல்லை. "ஜிஎஸ்டி பில் வேணும்னா பதினெட்டு பர்சன்ட் கூட ஆகும்" என்றார். ஆயிரக்கணக்கில் எண்ணி எண்ணிச் செலவு பண்ணுகிற குடும்பத்திடம் இந்த ஒரு வாக்கியம் எப்படி வேலை செய்யும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் வேகமாகத்தான் இருந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். ஃபோட்டோ ஃபோல்டரைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பெயர்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, ஒவ்வொரு படத்தின் சைஸும் சரியாகக் காட்டுகிறது. திறந்தால் மேல் பாதியில் முகம், கீழ் பாதி முழுக்க சாம்பல் நிறப் பட்டை. அடுத்த படம் திறக்கவே இல்லை. மகளின் காதுகுத்து, என் அப்பாவின் அறுபதாம் கல்யாணம் என்று ஃபோல்டர் ஃபோல்டராக இதே கதை. அப்பா இப்போது இல்லை. அந்தப் படங்களுக்கு வேறு பிரதி எங்கேயும் கிடையாது.

பக்கத்து வீட்டுத் தம்பி பாலிடெக்னிக்கில் படிக்கிறார். அவர் அந்த எஸ்எஸ்டியைக் கழற்றித் தன் லேப்டாப்பில் யுஎஸ்பி கேபிள் வழியாக மாட்டினார். பிழைத்த படங்களை முதலில் வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, டிஸ்க்கைக் காலி செய்து, ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டினார். ஜெர்மனியின் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகைக்காரர்கள் வெளியிட்ட சின்னக் கருவி அது. டிஸ்க் முழுக்க ஒவ்வொரு ஜிபியாக எழுதும், பிறகு எழுதியதையெல்லாம் திரும்பப் படித்துப் பார்க்கும். எழுதும்போது பொய் சொல்லுகிற டிஸ்க், படிக்கும்போது மாட்டிக்கொள்ளும். எங்கள் டிஸ்க் சுமார் 58 ஜிபி வரை சரியாகப் படித்தது. அதற்கு மேல் எழுதியது ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. 64 ஜிபி சிப்பை வைத்து, 512 என்று பொய் சொல்லும்படி ஃபர்ம்வேரை (டிஸ்க்கை இயக்கும் உள் மென்பொருளை) மாற்றி, மேலே பளபளப்பாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். விண்டோஸும் ஆபீஸும் முதலில் ஏறியதால் அவை நல்ல பகுதியில் உட்கார்ந்துகொண்டன. கடைசியில் ஏற்றிய ஃபோட்டோக்கள் இல்லாத இடத்துக்குப் போயின. பார்க்க எல்லாம் நன்றாக ஓடுவதுபோல் தெரிந்தது அதனால்தான்.

டிஸ்க்கைப் பிரித்துப் பார்த்து உள்ளே பலகை சின்னதாக இருந்தால் போலி என்று பலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. நல்ல கம்பெனி எஸ்எஸ்டியிலும் இப்போது உள்ளே பாதிக்கு மேல் வெற்றிடம்தான். எடையை வைத்தும் சொல்ல முடியாது. எழுதிப் படித்துப் பார்ப்பது ஒன்றுதான் நம்பகமான சோதனை. 512 ஜிபிக்கு அது மணிக்கணக்கில் ஓடும், கடையில் நின்று செய்ய முடியாது. அதனால் சீல் உடையாத, பெயர் தெரிந்த கம்பெனிப் பெட்டியாக வாங்குங்கள். உள்ளே இருக்கும் சீரியல் நம்பரை அந்தக் கம்பெனியின் வாரன்டி பக்கத்தில் கடையிலேயே போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும், டேட்டாவை ஏற்றுவதற்கு முன்னால், சோதனையை ஓட்டிவிடுங்கள். பழைய எஸ்எஸ்டியைப் புதுசென்று தள்ளிவிடுவதும் நடக்கிறது. அதற்குக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து, டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்ற வரியைப் பாருங்கள். புது டிஸ்க்கில் ஆயிரக்கணக்கில் காட்டக்கூடாது. அந்த எண்ணையும் அழிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்பதால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

அடுத்தது ரேம். ஏற்கெனவே 4 இருந்தது, புதிதாக 8 வாங்கினோம், ஆக 12 காட்டவேண்டும். டாஸ்க் மேனேஜரில் 8 தான் காட்டியது. சிபியு-இசட் மென்பொருளில் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் என்ன இருக்கிறது என்று தனித்தனியாகப் பார்க்கலாம். ஒன்று எங்கள் பழைய 4, இன்னொன்றும் 4. போய்க் கேட்டால் ஓனர் முகம் மாறாமல் சொல்கிறார்: "எட்டு ஜிபி ஆக்கித் தர்றோம்னுதானே சொன்னோம்? ஆயிருக்கா இல்லையா?" சீட்டில் '8 ஜிபி ரேம்' என்று அவர் கையெழுத்தில் இருக்கிறதே என்று காட்டினேன். உடனே, "இந்த போர்டுல நாலும் எட்டும் சேர்த்துப் போட்டா ஏத்துக்காது மேடம், ரெண்டும் ஒரே சைஸா இருக்கணும்" என்று பேச்சை மாற்றினார். இதுவும் பொய். ஹெச்81 போர்டில் இரண்டு ஸ்லாட், மொத்தம் 16 ஜிபி வரை ஏற்கும், 4-உம் 8-உம் சேர்ந்து ஓடும்.

டிடிஆர்3 ரேம் வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ரொம்ப மலிவாகக் கிடைக்கும் 8 ஜிபி டிடிஆர்3 ரேம்களில் சில, ஏஎம்டி கம்பெனிப் பிராசசருக்கான போர்டில் மட்டும்தான் வேலை செய்யும். இன்டெல் போர்டில் மாட்டினால் திரையே வராது. "உங்க போர்டுதான் போயிருக்கு" என்று அடுத்த செலவுக்கு அடிபோட அது ஒரு வசதி.

போர்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. ஓனரிடம் தகராறு செய்தபோது, கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறது, பேங்க் தளம் பாதுகாப்பில்லை என்று திறக்க மறுக்கிறது என்றும் சொன்னேன். "போர்டு வீக் ஆயிடுச்சு, 3,500-க்கு வேற போர்டு இருக்கு" என்றார். பக்கத்து வீட்டுத் தம்பி போர்டில் கடிகாரத்தை ஓட்டும் வட்ட பேட்டரியை மாற்றினார். சிஆர்2032, ஐம்பது ரூபாய்க்குள் எந்த ஃபேன்சி ஸ்டோரிலும் கிடைக்கும். தேதி பின்னால் போவது நின்றுவிட்டது, பேங்க் தளமும் திறந்தது. உங்கள் பழைய பெட்டியிலும் கடிகாரம் பின்னால் போனால் முதலில் அந்த பேட்டரியை மாற்றுங்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கோபம் ஹார்ட் டிஸ்க் விஷயத்தில்தான். அதைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை. இந்த மாதிரி போர்டுகளில் பெரும்பாலும் நாலு சாட்டா போர்ட் இருக்கும். எஸ்எஸ்டியில் விண்டோஸ், பழைய டிஸ்க்கில் ஃபோட்டோ என்று இரண்டையும் சேர்த்து ஓட்டலாம். முந்நூறு ரூபாய் கழிவு என்று ஆசை காட்டி வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்குள் படங்கள் மட்டுமா இருக்கின்றன? ஐந்து பேரின் ஆதார் ஸ்கேன், பான் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம், பிள்ளைகளின் மார்க்ஷீட் எல்லாம் இருக்கின்றன. திருப்பிக் கேட்டபோது பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள். அதே கடையின் அலமாரியில் பழைய டிஸ்க்குகள் அடுக்கியிருந்தன. எங்கள் டிஸ்க்கின் ஓரத்தில் மகன் சின்ன வயதில் ஒட்டின ஸ்டிக்கர் ஒன்று உண்டு. அதை வைத்து மகள் கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு கொடுக்காமல் இருக்க முடியவில்லை. முந்நூறைத் திருப்பிக் கொடுத்து வாங்கினோம். ஃபார்மட் செய்திருந்தார்கள். விற்கத் தயாராக வைத்திருந்தார்கள் என்றுதான் அர்த்தம்.

ஹார்ட் டிஸ்க்கைக் குவிக் ஃபார்மட் மட்டும் செய்தால், மேலே வேறெதுவும் எழுதாதவரை உள்ளே இருப்பது அழியாது. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் பெரும்பாலான படங்களை மீட்டோம். பெயரும் ஃபோல்டரும் போய்விட்டன, வெறும் எண்களாக வந்தன. கேமரா பதிந்த தேதி படத்துக்குள்ளேயே இருப்பதால் வருஷவாரியாகப் பிரிக்க முடிந்தது. அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் கிடைத்துவிட்டன. நாங்கள் மீட்டதைப்போலவே அதை வாங்கும் யார் வேண்டுமானாலும் உங்கள் ஆதாரையும் மீட்கலாம். தயவுசெய்து பழைய டிஸ்க்கை எந்தக் கடையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

விண்டோஸ் 11-ஐப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதிகாரபூர்வமாக அதற்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும் வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். எங்களுடையது நாலாம் தலைமுறை. விண்டோஸ் செய்யும் தகுதிச் சோதனையைத் தாண்டிக் குதித்து ஏற்றியிருக்கிறார்கள். அப்படி ஏற்றினால் அப்டேட் வருவதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் (லைசென்ஸ் சரிபார்ப்பு) பகுதியைத் திறந்தால், 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ்' மூலம் செயல்படுகிறது என்று ஆங்கிலத்தில் வந்தது. எங்கள் வீட்டுக்கு ஏது நிறுவனம்? திருட்டு ஆக்டிவேட்டர் போட்டுவிட்டு ஆயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். அந்த ஆக்டிவேட்டர் வேலை செய்வதற்காக, வைரஸ் பாதுகாப்பில் ஒரு ஃபோல்டரை மட்டும் பார்க்க வேண்டாம் என்று விலக்கியும் வைத்திருந்தார்கள். அதே கம்ப்யூட்டரில்தான் நாம் பேங்க் பாஸ்வேர்டு அடிக்கிறோம்.

அடுத்து நாங்கள் செய்தது. 1915-க்குப் போன் செய்தேன், தேசிய நுகர்வோர் உதவி எண். புகாரைப் பதிவு செய்துகொண்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று பொறுமையாகச் சொன்னார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம். விற்ற பொருளில் குறை இருந்து திருப்பி வாங்க மறுப்பதும் அப்படித்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய பொருளுக்குப் புகார் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போடலாம். பதிவுத் தபாலில் கடைக்கு நோட்டீஸ் அனுப்பினேன். சோதனை முடிவின் ஸ்கிரீன்ஷாட், எஸ்டிமேட் சீட்டின் நகல், யுபிஐயில் பணம் போன ரசீது மூன்றையும் இணைத்தேன். நோட்டீஸ் போன பிறகுதான் எஸ்எஸ்டி பணம் 2,400 திரும்பி வந்தது. ரேமுக்கும் விண்டோஸுக்கும் வாங்கிய 2,300-ஐத் தர மறுக்கிறார்கள். அதற்குத்தான் இப்போது ஆணையத்தில் புகார். பணமாகக் கொடுத்திருந்தால் இதுவும் நடந்திருக்காது. பில் தர மறுத்தாலும் யுபிஐயில் கொடுங்கள், சீட்டில் பொருளின் பெயரையும் அளவையும் எழுதி வாங்குங்கள்.

வேறு கடையில் ஜிஎஸ்டி பில்லோடு 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினோம். பெட்டியை எங்கள் முன்னால்தான் பிரித்தார்கள். இணையத்துக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் போட்டிருக்கிறோம், அது இலவசம், எங்கள் பழைய பெட்டியில் நன்றாக ஓடுகிறது. டேலிக்காக விண்டோஸ் 10-ஐப் பக்கத்திலேயே, இன்டர்நெட் இல்லாமல் வைத்திருக்கிறாள் மகள். பழைய ஹார்ட் டிஸ்க் இரண்டாவது டிரைவாக உள்ளே மாட்டியிருக்கிறது. திருச்சியில் இதே மாதிரி கையெழுத்து எஸ்டிமேட் சீட்டோடு ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால், சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் டிஸ்க்கையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். குறை இருந்தால் 1915-க்குப் பேசுங்கள்.