இரண்டு உருப்படிக்குத்தான் இடம்: ஜெர்சி கலப்பா, எருமையா?

கட்டுத்தரையில் இரண்டு உருப்படிக்குத்தான் இடம். தீவனத்துக்கு அரை ஏக்கர். கறக்கவும் சாணி அள்ளவும் வீட்டு ஆட்கள் மட்டும். இந்த நிலையில் ஜெர்சி கலப்புப் பசு வாங்குவதா, எருமை வாங்குவதா என்ற பேச்சு ஈரோடு, திருப்பூர் பக்கம் இன்னமும் நடக்கிறது. எங்கள் வீட்டில் இரண்டும் நின்றன. எருமையைக் கொடுத்துவிட்டு இப்போது இரண்டு ஜெர்சி கலப்பு கட்டியிருக்கிறோம். அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது சொல்லாமலே தெரியும். ஏன் என்பதுதான் விஷயம்.

எருமையின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாலில் கொழுப்பு 6 முதல் 8 சதவீதம் நிற்கும். ஜெர்சி கலப்பில் 4, 5 தான். தயிர், வெண்ணெய், நெய் எதை எடுத்தாலும் எருமைப்பாலுக்கு ஈடில்லை. ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பெயர் வந்ததே எருமைகளால்தான். வைக்கோலும் காய்ந்த சோளத்தட்டும் போட்டாலே வயிறு நிறையத் தின்று செரித்துவிடும். மடிநோய் குறைவு. 2022 வாக்கில் நாடெங்கும் பரவிய தோல் கழலை நோயில் மாடுகள் பட்ட பாட்டை எருமைகள் படவில்லை. பால் சங்கத்தில் விலையும் கூடுதல்: 2023 டிசம்பரில் ஊக்கத்தொகை 3 ரூபாயையும் சேர்த்து ஆவின் கொள்முதல் விலை பசும்பாலுக்கு 38 ரூபாய், எருமைப்பாலுக்கு 47 ரூபாய் ஆனது.

லிட்டருக்கு 9 ரூபாய் அதிகம் என்றால் எருமைதானே லாபம் என்று தோன்றும். அப்படியானால் 2012 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 7.8 லட்சமாக இருந்த எருமைகள் 2019 இல் 5.2 லட்சமாகக் குறைந்தது ஏன்? மேய்ச்சல் இல்லை, குட்டை இல்லை, பார்க்க ஆள் இல்லை என்று பல காரணம் சொல்வார்கள், எல்லாம் சரிதான். இரண்டே உருப்படி வைத்திருக்கும் வீட்டுக்கு எது பெரிய காரணம் என்றால், சினை பிடிப்பதில் வரும் சிக்கல்.

பசு பருவத்துக்கு வந்தால் ஊருக்கே தெரியும். ராத்திரியெல்லாம் கத்தும், தீனியில் வாய் வைக்காது, பக்கத்து மாட்டின் மேல் தாவும், முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழும்பு தொங்கும். காலையில் கத்தினால் சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை ஊசி. அவ்வளவுதான். எருமை பெரும்பாலும் கத்தாது. ஊமைப் பருவம் என்பார்கள். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் விடும், அன்றைக்குப் பால் லேசாகக் குறையும், பிறப்புறுப்பு சற்றே தடித்திருக்கும். அதுவும் ராத்திரி நேரத்தில் வந்துவிட்டுப் போய்விடும். தவறவிட்டால் இன்னும் 21 நாள். வெயில் காலத்தில் பல எருமைகள் பருவத்துக்கே வருவதில்லை. கறுத்த தோல், வியர்வைச் சுரப்பியும் குறைவு. புரள ஒரு குட்டையாவது இருந்தால் தாங்கும். எங்களுடையது வானம் பார்த்த பூமி, குடிக்கவே போர்வெல் தண்ணீர்தான்.

இதை அந்த 2023 விலையில் பணமாக்கிப் பாருங்கள். எங்கள் பக்கம் நான் பார்க்கும் அளவில் ஒரு சாதாரண ஜெர்சி கலப்பு சராசரி 8 லிட்டர் வீதம் 300 நாள் கறக்கும்; ஒரு ஈத்துக்கும் (கன்று போடுவதற்கும்) அடுத்த ஈத்துக்கும் 14 மாதம், அதாவது சுமார் 425 நாள். மொத்தம் 2,400 லிட்டர். 425 நாளுக்கும் பிரித்தால் நாளுக்கு 5.6 லிட்டர், 38 ரூபாய் வீதம் சுமார் 213 ரூபாய். எருமை 6 லிட்டர் வீதம் 270 நாள் கறந்தால் 1,620 லிட்டர். சினைக்காலமே 310 நாள்; பசுவுக்கு 280. பருவம் இரண்டு மூன்று தப்பி, நடுவில் ஒரு கோடையும் வந்துவிட்டால் ஈத்து இடைவெளி 18 மாதம் ஆவது வெகு சாதாரணம். 540 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 3 லிட்டர், 47 ரூபாய் வீதம் 141 ரூபாய். பாதி நாள் பால் இல்லாமல் நிற்கிற உருப்படிக்குத் தீனி போட வேண்டும். ஜெர்சிக்குக் கலப்புத் தீவனச் செலவு கூட, அதைக் கழித்தால் இந்த வித்தியாசம் கொஞ்சம் சுருங்கும். ஆனாலும் மறையாது.

பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வீட்டுப்பால். ஆளுக்கு நாளைக்கு 300 மில்லி பாலோ தயிரோ வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. ஐந்து பேர் வீட்டுக்கு ஒன்றரை லிட்டர். ஒரு மாடு தை மாதமும் இன்னொன்று ஆடியிலும் கன்று போடுகிற மாதிரி ஊசியைத் தள்ளிப்போட்டு வைத்தால், ஒன்று வற்றும்போது மற்றது கறக்கும். வருஷம் முழுக்க வீட்டில் மோர் இருக்கும். எருமையில் இதைச் செய்ய முடியவில்லை. எருமைகள் பெரும்பாலும் மழைக்கும் குளிருக்கும்தான் சினை பிடிக்கும். கன்றும் பெரும்பாலும் ஆடியிலிருந்து மார்கழிக்குள்தான். சித்திரை வைகாசியில் பல சமயம் இரண்டும் சேர்ந்தே வற்றி நிற்கும். மோர் மிகவும் தேவைப்படுகிற அந்த மாதங்களில் மாடு வைத்திருக்கிற வீடே பாக்கெட் பால் வாங்கும்.

இன்னொன்று, கறவை. எருமை ஒரு கைக்குப் பழகிவிட்டால் அடுத்த ஆள் உட்கார்ந்தால் சுரப்பு விடாது. கன்று செத்துவிட்டால் இன்னும் மோசம். பெரும்பாலும் பெண்கள்தான் கறக்கிறார்கள். அவர்களால் ஒரு கல்யாணத்துக்குக்கூட வெளியூர் போக முடியாது. ஜெர்சி யார் உட்கார்ந்தாலும் ஊற்றிவிடும்.

விற்பதிலும் அப்படித்தான். கருங்கல்பாளையம் சந்தையில் வியாழக்கிழமை சினை ஜெர்சியைக் கொண்டுபோனால் கேரளா, கர்நாடகா வியாபாரிகள் வரை கேட்பார்கள். வற்றிய எருமைக்குக் கறி விலைதான்.

ஏரிப்பாசனப் பகுதியில், வாசலிலேயே தண்ணீர் இருக்கிறவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே முர்ரா இன எருமை வைத்து வருஷத்துக்கொரு கன்று எடுப்பவர்கள் இருக்கலாம். நான் அந்த மண்ணில் வளர்த்ததில்லை. டவுன் பக்கத்தில் இருந்து, டீக்கடைக்கோ பலகாரக் கடைக்கோ நேராக நல்ல விலைக்கு ஊற்ற முடிந்தாலும் எருமை கட்டுப்படியாகும். கறுப்பு வெள்ளை ஃப்ரீசியன் கலப்பு பற்றி எனக்கு அனுபவம் குறைவு. மலைப்பகுதிக்கு அது, சமவெளிக்கு ஜெர்சி என்று கால்நடைத் துறை பிரித்து வைத்திருப்பது நம் வெயிலைப் பார்த்துத்தான்.

எதை வாங்கினாலும் முன்பணம் கொடுக்கும் முன் கால்நடை மருத்துவரைக் கூட்டிப்போய்ச் சினை பார்த்துவிடுங்கள். கடைசி ஊசி எந்தத் தேதியில் போட்டது, கன்று போட்டு எத்தனை மாதம், எத்தனையாவது ஈத்து என்ற மூன்றையும் கேளுங்கள். எத்தனை லிட்டர் கறக்கும் என்பதை அதற்கப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.