ஒரு வருடம் கன்ட்ரி மியூசிக்: எது தேறியது, எது சலித்தது

வேலை காரணமாக அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில் பக்கம் குடிவந்து சில காலம் ஆகியும், அந்த ஊர் எதற்குப் பெயர்போனதோ அதை நான் காது கொடுத்துக் கேட்டதில்லை. வண்டியில் ராஜா, வீட்டில் ராஜா, நடுவில் கொஞ்சம் ரஹ்மான். 2024 பிறந்தபோது ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன்: இந்த வருடம் முழுக்கக் கன்ட்ரி மியூசிக், அதாவது அமெரிக்கத் தென்மாநிலக் கிராமங்களில் வேர்விட்ட இசை. ரேடியோ, ஸ்ட்ரீமிங், நேரில் கச்சேரி என எல்லா வழியிலும் கேட்பது. தமிழ்ப் பாட்டு வார இறுதிக்கு மட்டும். வருடம் முடிந்தபின் இதை எழுதுகிறேன். அவசரக்காரர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: இசை தேறியது, ரேடியோ தேறவில்லை. பாடுகிறவரை விட்டுவிட்டு எழுதுகிறவரைப் பின்தொடர்ந்தால் கன்ட்ரி நன்றாகப் பிடிபடுகிறது.

ரேடியோ முதல் சில வாரம் நன்றாகத்தான் போனது. ஐ-24 நெடுஞ்சாலையின் காலை நெரிசலுக்கு ஏற்ற இசை அது. தாளம் நேராகப் போகும், சொல் தெளிவாக விழும், வரி புரியவில்லையே என்று தவிக்க வேண்டியதில்லை. அப்புறம் சலிப்பு தட்டியது. பிக்கப் டிரக், குளிர்ந்த பீர், மண் சாலை, விட்டுப்போன காதலி. இந்த நான்கையும் இடம் மாற்றி அடுக்கினால் அடுத்த பாட்டு தயார். பக்கத்தில் உட்கார்ந்து வந்த என் மனைவி, "ஏங்க, இதே பாட்டுதானே நேத்தும் ஓடுச்சு?" என்றாள். நேற்று ஓடியது வேறு பாட்டு. ஆனால் கேள்வியில் நியாயம் இருந்தது.

இதற்குக் காரணமும் உண்டு. கன்ட்ரி ரேடியோவில் ஒரு பாட்டு ஆமை வேகத்தில்தான் மேலே ஏறும். பட்டியலின் உச்சியைத் தொடப் பல மாதம் ஆவது சாதாரணம், ஓராண்டு ஆவதும் உண்டு. அதுவரை அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். பெண் குரல்கள் வேறு குறைவு. 2015-ல் ரேடியோ ஆலோசகர் ஒருவர், கன்ட்ரி ரேடியோ என்கிற சாலட்டில் ஆண் பாடகர்கள்தான் இலை, பெண்கள் அங்கங்கே போடும் தக்காளி என்ற பொருளில் பேட்டி கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார். 2024-ல் நான் கேட்டபோதும் தக்காளி கம்மிதான். லெய்னி வில்சன் வருவார். அவர் போனபின் வெகுநேரம் ஆண் குரல்களே.

ஆனாலும் அந்த வருடத்தைத் தேர்ந்தெடுத்தது அதிர்ஷ்டம். பிப்ரவரியில் சுமார் ஒரு வாரத்துக்குள் மூன்று விஷயங்கள் நடந்தன. 4-ம் தேதி கிராமி மேடையில் ட்ரேசி சாப்மனும் லூக் கோம்ப்ஸும் சேர்ந்து 'ஃபாஸ்ட் கார்' பாடினார்கள். 1988-ல் சாப்மன் எழுதிப் பாடிய பாட்டு அது. 2023-ல் கோம்ப்ஸ் கன்ட்ரிக்குக் கொண்டுவந்தார். கடையில் பில் போடும் பெண்ணாக வரும் வரியைக்கூட ஆணுக்கு மாற்றாமல் அப்படியே பாடியிருந்தார். அந்தப் பாட்டுக்காகக் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் ஆண்டுச் சிறந்த பாடல் விருது சாப்மனுக்கு வந்தபோதுதான், ஒரு கறுப்பினப் பாடலாசிரியர் முதன்முறையாக அதைப் பெற்றார். மறுநாள், 5-ம் தேதி, கன்ட்ரி பாடகர் டோபி கீத் வயிற்றுப் புற்றுநோயால் 62 வயதில் இறந்தார். 11-ம் தேதி, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் இரவில், கறுப்பினப் பாப் நட்சத்திரம் பியான்சே இரண்டு கன்ட்ரி பாட்டுகளை வெளியிட்டார்.

டோபி கீத் செய்தி வந்தபின் எந்த நிலையத்தைத் திருப்பினாலும் அவர் குரல்தான். 2001 தாக்குதலுக்குப் பிறகு அவர் எழுதிய, கொடியும் கோபமும் நிறைந்த பாட்டு அடிக்கடி வந்தது. விசாவில் இருக்கும் பழுப்புத் தோல்காரனுக்கு அதை ஒலி கூட்டிக் கேட்க முடியவில்லை. அதை மறைப்பதில் பயனில்லை. இந்த இசையின் ஒரு பக்கம் நம்மைப் போன்றவர்களை நினைத்து எழுதப்பட்டதல்ல. கச்சேரிகளில் யாரும் என்னிடம் முறைத்துப் பேசியதில்லை, பக்கத்து இருக்கைக்காரர்கள் பெரும்பாலும் அன்பாகவே பேசினார்கள். ஆனாலும் கூட்டத்தில் நம் நிறத்தில் வேறு யாராவது தெரிகிறார்களா என்று கண் தேடத்தான் செய்யும்.

பியான்சே விஷயத்தில் ஊரே இரண்டு பட்டது. ஓக்லஹோமாவில் ஒரு சிறு நிலையம், "நாங்கள் கன்ட்ரி நிலையம், பியான்சேயைப் போடமாட்டோம்" என்று ஒரு ரசிகருக்குப் பதில் அனுப்பிவிட்டு, குவிந்த மின்னஞ்சல்களைப் பார்த்தபின் போட்டது. பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் கறுப்பினப் பெண் அவர். மார்ச் 29-ல் 'கவ்பாய் கார்ட்டர்' ஆல்பம் வந்தது. எனக்கு அது முழுசாகப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன், 27 தடங்கள் கொஞ்சம் அதிகம். ஆனால் அதில் லிண்டா மார்ட்டெல் குரலைக் கேட்டு, யார் இவர் என்று தேடப்போனதில் எனக்கு ஒரு வரலாறே கிடைத்தது. 1969-ல், நாஷ்வில்லின் புகழ்பெற்ற கன்ட்ரி வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் பாடிய கறுப்பினப் பெண் அவர். அதே ஆப்ரியின் ஆரம்பகால நட்சத்திரங்களில் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி, ஹார்மோனிகா வாசித்த கறுப்பினக் கலைஞர். 1941-ல் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். கறுப்பினப் பாடகர் சார்லி ப்ரைட் 1971-லேயே ஆண்டின் சிறந்த கலைஞர் விருது வாங்கியிருக்கிறார். பான்ஜோ வாத்தியத்தின் மூலமே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களிடம் இருக்கிறது. இவ்வளவும் தெரிந்தபின் 'இது கன்ட்ரியா இல்லையா' சண்டையைக் கேட்கச் சிரிப்புதான் வந்தது. அந்த வருடமே நைஜீரியப் பெற்றோருக்கு வர்ஜீனியாவில் பிறந்த ஷபூஸியின் மதுக்கடைப் பாட்டு 19 வாரம் பில்போர்டின் எல்லா வகைப் பாட்டுக்குமான ஹாட் 100 பட்டியலின் உச்சியில் உட்கார்ந்தது. நவம்பரில் கன்ட்ரி சங்க விருதுகள் வந்தபோது பியான்சேக்கு ஒரு பரிந்துரைகூட இல்லை. அடுத்த பிப்ரவரியில் கிராமி அவருக்கு ஆண்டின் சிறந்த ஆல்பம், சிறந்த கன்ட்ரி ஆல்பம் இரண்டையும் கொடுத்தது.

சரி, நேரில் கேட்ட கதைக்கு வருகிறேன்.

நாஷ்வில் வருகிற நம்மாட்கள் எல்லோரும் முதலில் போவது லோயர் பிராட்வே என்ற பார் வீதிக்கு. நியான் விளக்கு, மாடிக்கு மாடி பேண்ட், காலை பத்து மணிக்கே தொடங்கி நள்ளிரவு தாண்டியும் ஓயாத சத்தம். பெரும்பாலான இடங்களில் நுழைவுக் கட்டணம் கிடையாது. வாசிப்பவர்கள் ஒரு ஷிஃப்டுக்கு நான்கு மணி நேரம் நின்று வாசித்து, டிப்ஸ் வாளியை நம்பிப் பிழைக்கிறார்கள். திறமையில் குறையே சொல்ல முடியாது, ஆனால் அவர்கள் வாசிப்பது குடித்துவிட்டுக் கத்தும் கூட்டம் கேட்கிற பழைய ஹிட்டுகளை. ஒரு முறை போதும். ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்டு மட்டும் விதிவிலக்கு. அங்கே இன்னும் பழைய பாணிக் கன்ட்ரி வாசிக்கிறார்கள். சைவர்கள் அங்கே சாப்பாட்டை எதிர்பார்க்க வேண்டாம். வறுத்த பொலோனா இறைச்சி சாண்ட்விச்தான் அந்தக் கடையின் அடையாளம்.

என் கருத்து மாறியது புளூபேர்ட் கஃபே என்ற சின்னக் கச்சேரி இடத்தில். 1982-ல் தொடங்கிய இடம். கிரீன் ஹில்ஸ் பகுதியில் சாதாரணக் கடை வரிசைக்கு நடுவே இருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. சுமார் 90 பேர் உட்காரலாம். டிக்கெட் இணையத்தில் வந்த வேகத்தில் தீர்ந்துவிடும். கிடைக்காதவர்கள் திங்கட்கிழமை ஓப்பன் மைக் இரவை முயலலாம். நடுவில் நான்கு பாடலாசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள், சுற்றிலும் நாம். ஒருவர் தன் பாட்டின் கதையைச் சொல்லிப் பாடி முடித்ததும் அடுத்தவர் முறை. பேசினால் "உஷ்" என்று அடக்கிவிடுவார்கள்.

நான் போன இரவில், ரேடியோவில் வந்தாலே சேனல் மாற்றுவேனே, அப்படி ஒரு பாட்டை எழுதியவர் இருந்தார். பெரிய பாடகர் ஒருவர் அந்தப் பாட்டை 'ஹோல்ட்' போட்டுவிட்டு, அதாவது வேறு யாருக்கும் கொடுக்காதே என்று நிறுத்திவைத்துவிட்டு, வெகுநாள் கழித்துக் கைவிட்டாராம். பிறகு வேறொருவர் பாடி அது 'கட்' ஆகியிருக்கிறது. பாட்டு ரெக்கார்டிங் ஆவதைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். அவர் ஒற்றை கிட்டாரோடு, ரேடியோவில் கேட்டதில் பாதி வேகத்தில் பாடினார். டிரம்ஸும் மெருகும் மூடியிருந்த இரண்டாவது சரணம் அப்போதுதான் என் காதில் விழுந்தது. இசை நிறுவனங்கள் நிறைந்த மியூசிக் ரோ பக்கம் இவர்கள் அலுவலகம் போவது போலக் காலையில் போய், இரண்டு மூன்று பேர் ஓர் அறையில் உட்கார்ந்து பாட்டு எழுதுகிறார்கள். இன்று பெரிய பாடகராக இருக்கும் கிறிஸ் ஸ்டேபிள்டன் 2015-ல் முதல் தனி ஆல்பம் போடும்வரை பல வருடம் இப்படி மற்றவர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தவர்தான். லோரி மெக்கென்னா மாசசூசெட்ஸில் ஐந்து பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே எழுதியவர். அந்த இரவுக்குப் பிறகு ஸ்ட்ரீமிங்கில் பாட்டுக்குக் கீழே எழுதியவர் பெயர் பார்க்கும் பழக்கம் வந்தது. பாடகர் பட்டியலை அழித்துவிட்டு எழுதுபவர்கள் பெயரில் பட்டியல் போட்டேன். வருடத்தின் பிற்பாதி முழுக்க அதுதான் ஓடியது.

அப்படிக் கேட்கும்போதுதான் இந்த இசையின் சூட்சுமம் தெரிந்தது. நல்ல கன்ட்ரி பாட்டில் பல்லவி மாறாது, அதன் அர்த்தம் மாறும். ஜார்ஜ் ஜோன்ஸ் 1980-ல் பாடிய 'ஹி ஸ்டாப்டு லவிங் ஹர் டுடே'யை எடுத்துக்கொள்ளுங்கள். பாபி பிராடக், கர்லி புட்மன் இருவரும் எழுதியது. சாகும்வரை அவளைக் காதலிப்பேன் என்று சொன்ன ஒருவன் இன்று அவளைக் காதலிப்பதை நிறுத்திவிட்டான் என்று பல்லவி சொல்கிறது. ஏன் நிறுத்தினான் என்பதற்கு முதல் சரணத்திலேயே துப்பு இருக்கிறது, ஆனால் வீட்டு வாசலில் மாலை வைக்கும் வரி வரும்போதுதான் உறைக்கும். இவ்வளவு சோகமாக இருக்கிறதே, யார் வாங்குவார்கள் என்று பாடிய ஜோன்ஸே சந்தேகப்பட்டாராம். அது இரண்டு வருடம் தொடர்ந்து சிறந்த பாடல் விருது வாங்கியது.

வாத்தியங்களில் எனக்குப் பிடித்தது பெடல் ஸ்டீல் கிட்டார். ராஜா பாட்டில் இடையிசைக்காகக் காத்திருந்து பழகிய காதுக்கு இதில் தீனி உண்டு. மேஜை போன்ற சட்டத்தில் பொதுவாகப் பத்துக் கம்பிகள்; இடது கையில் இரும்புக் கட்டை, காலில் பெடல்கள், முழங்காலில் நெம்புகோல்கள். ஒரு கம்பி நிற்க, இன்னொன்று மட்டும் வளைந்து மேலே போகும். கட்டையைக் கம்பிமேல் இழுத்து வாசிக்கும் முறை ஹவாய்த் தீவிலிருந்து வந்தது. சித்திரவீணை கேட்டவர்களுக்கு அந்த வழுக்கல் உடனே பிடித்துவிடும். திங்கள் இரவுகளில் தேர்டு அண்ட் லிண்ட்ஸ்லி என்ற இடத்தில் டைம் ஜம்பர்ஸ் குழுவோடு பால் ஃப்ராங்க்லின் வாசிப்பதைக் கேட்டால் போதும். இன்னொன்றும் அங்கே கவனித்தேன். இவர்கள் சுரக்குறிப்பு எழுதுவதில்லை, 1, 4, 5 என்று கார்டுகளை (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) எண்ணாக எழுதிவைக்கிறார்கள். பாடுபவர் சுருதியைக் கூட்டினாலும் குறைத்தாலும் தாளை மாற்ற வேண்டாம். 1950-களின் கடைசியில் ஜோர்டனேர்ஸ் குழுவின் நீல் மேத்யூஸ் கொண்டுவந்த ஏற்பாடு. சரிகமபதநி படித்தவர்களுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

செப்டம்பர் 28-ல் பாடலாசிரியர் கிறிஸ் கிறிஸ்டோஃபர்சன் 88 வயதில் இறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் ரோட்ஸ் உதவித்தொகையில் படித்துவிட்டு, ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டிவிட்டு, பாட்டு எழுதும் ஆசையில் நாஷ்வில் வந்து கொலம்பியா ஸ்டூடியோவில் தரை துடைத்தவர். பாட்டைக் கொடுக்க கன்ட்ரி ஜாம்பவான் ஜானி கேஷ் வீட்டுப் புல்வெளியில் ஹெலிகாப்டரை இறக்கினார் என்பார்கள். இறக்கியது உண்மை. ஆனால் கேஷ் அப்போது வீட்டிலேயே இல்லை என்று கிறிஸ்டோஃபர்சனே பிற்பாடு சொல்லியிருக்கிறார். இந்த முறை ரேடியோவைத் தேடவில்லை, அவர் எழுதி மற்றவர்கள் பாடியதை வரிசையாகக் கேட்டேன். அவர் குரல் சுமார்தான். எழுத்து அப்படியில்லை.

யாருக்குச் சரிப்படும்? வரி கேட்டுப் பாட்டை ரசிப்பவர்களுக்கு நிச்சயம். மெட்டின் வளைவு நெளிவுக்காகக் கேட்பவர்களுக்கு விரைவில் அலுக்கும். மூன்று கார்டு, நேர்த் தாளம், அவ்வளவுதான். பிள்ளைகளோடு கேட்பதானால் பட்டியலை ஒருமுறை சலித்துக்கொள்ளுங்கள், பாட்டுக்குப் பாட்டு விஸ்கி வரும். ரேடியோவை நான் விட்டுவிட்டேன். தமிழ்ப் பாட்டு வார நாட்களுக்குத் திரும்பிவிட்டது. எழுதுபவர்கள் பட்டியல் மட்டும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

ஊரில் இருப்பவர்கள் முயன்று பார்க்க நினைத்தால் சனிக்கிழமை ஆப்ரி நிகழ்ச்சியில் தொடங்கலாம். 1925 நவம்பர் 28-ல் டபிள்யூ.எஸ்.எம். 650 வானொலியில் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. கலைஞருக்கு இரண்டு மூன்று பாட்டுதான், ஒருவர் பிடிக்காவிட்டால் அடுத்தவர் வந்துவிடுவார். அறிவிப்பாளர் விளம்பரத்தை மேடையிலேயே நின்று வாசிப்பார், அதுவும் ஒரு வேடிக்கை. நாஷ்வில் நேரம் இரவு ஏழு மணி என்றால் இந்தியாவில் ஞாயிறு காலை ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. இணையத்தில் கேட்கக் காசு எதுவும் கேட்பதில்லை.