மாதம் 2,500 ரூபாய்: சிட்டியா, அஞ்சலகமா, ஃபண்டா, செல்போனா?

குமுளியில் ஏலக்காய்த் தோட்டமொன்றில் கணக்கெழுதுபவன் நான். சனிக்கிழமை சம்பளம் கொடுத்து முடிந்ததும் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: கையில் மிஞ்சுவதை எங்கே போடுவது? கேட்பவர்களில் பாதிப் பேர் விடியும் முன்பே கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப்பில் மலையேறி வருகிறவர்கள். மீதிப் பேர் இங்கேயே லயத்தில் குடியிருப்பவர்கள். மலைக்கு இந்தப் பக்கம் கேரளச் சிட்டி, அந்தப் பக்கம் ஊர்ச் சீட்டு, இரு பக்கமும் அஞ்சலகம், எல்லார் கையிலும் செல்போன். மாதம் 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டு இவற்றை ஒப்பிடுகிறேன். எடுக்க வேண்டிய நாளில் பணம் கைக்கு வருமா, அதற்கு யார் பொறுப்பு என்பதை முதலில் பார்ப்பது என் வழக்கம்; வட்டிக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சிட்டியிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் இந்த மலையில் அதிகம் பேசப்படுவதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். கேரள அரசுக்குச் சொந்தமான கே.எஸ்.எஃப்.இ. நிறுவனம் திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1969 முதல் சிட்டி நடத்திவருகிறது. ஒரு லட்சம் ரூபாய்ச் சிட்டி, நாற்பது பேர், நாற்பது மாதம், ஆளுக்கு மாதம் 2,500 என்று எடுத்துக்கொள்வோம். மாதந்தோறும் சேரும் தொகையில் அதிகம் தள்ளிக்கொடுக்க முன்வருபவர் அதை எடுப்பார்; இந்த ஏலத்துக்குத்தான் விளி என்று பெயர். தொடக்க மாதங்களில் பணத் தேவை உள்ளவர்கள் அதிகம் என்பதால், வழக்கமான சிட்டிகளில் விளி உச்சவரம்பான 30 விழுக்காட்டை உடனே தொட்டுவிடும்; தொட்டவர்கள் பலராக இருந்தால் நறுக்கு (குலுக்கல் சீட்டு) எடுத்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவருக்குக் கிடைப்பது 70,000. தள்ளிய 30,000இல் நிறுவனத்தின் கமிஷன் 5,000 போக, மீதி 25,000 நாற்பது பேருக்கும் ஆளுக்கு 625 ரூபாயாகப் பிரிகிறது. வீதப்பலிசை என்று மலையாளத்தில் சொல்வது இதைத்தான். அடுத்த தவணைக்கு 1,875 கட்டினால் போதும். மாதங்கள் செல்லச் செல்ல விளி குறையும், வீதப்பலிசையும் குறையும்.

ஆகவே ஒரே சிட்டி இரண்டு பேருக்கு இரண்டு வேறு பொருளாகிறது. நாற்பது மாதத்துக்கும் சேர்த்து வீதப்பலிசை சராசரியாக மாதம் 350 ரூபாய் என்று வைத்தால், கட்டும் மொத்தம் 86,000. கடைசிவரை காத்திருப்பவருக்குக் கமிஷன் போக 95,000 கிடைக்கும். ஆண்டுக்கு 6 விழுக்காட்டை ஒட்டிய வருமானம், அவ்வளவே. நாலாம் மாதமே 70,000 எடுத்தவருக்கோ அது ஏறத்தாழ 15 விழுக்காடு வட்டியுள்ள கடன். மூன்று வட்டிக்கு, அதாவது ஆண்டுக்கு 36 விழுக்காட்டுக்கு வாங்குவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். முதலீடு என்று சொல்லிக்கொண்டு அதில் சேருகிறவர்தான் ஏமாற்றமடைகிறார். இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்: நறுக்கு விழுந்த அன்றே பணம் கைக்கு வந்துவிடாது. சம்பளச் சான்றோ நிலமோ நகையோ ஜாமீனாகக் கொடுத்தாக வேண்டும். நாள்கூலிக்கு வருகிறவரிடம் சம்பளச் சான்று இருப்பதில்லை. கழுத்தில் கிடப்பதைத்தான் வைக்க வேண்டியிருக்கும்.

கம்பத்துத் தெருக்களில் நடக்கும் பதிவில்லாத சீட்டைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 1982ஆம் ஆண்டுச் சிட்ஃபண்ட் சட்டப்படி, சீட்டுத் தொகைக்கு ஈடான பணத்தைப் பிணையாகக் கட்டிய பிறகே ஒருவர் சீட்டுத் தொடங்க முடியும். நடத்துகிறவரிடம் பதிவு எண்ணைக் கேட்டால் முகம் சுளிக்கிறார் என்றால், அந்தப் பிணை இல்லை என்று பொருள். அக்கா, தங்கச்சி என்று பழகிய முகத்தை நம்பியே அது ஓடுகிறது. அந்த முகம் ஊரைவிட்டுப் போன கதைகளும் எங்கள் பக்கம் உண்டு.

அஞ்சலகத் தொடர் வைப்பில் (ஆர்.டி.) கிளர்ச்சியூட்ட எதுவும் இல்லை. 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 6.7 விழுக்காட்டு வட்டியில் மாதம் 2,500 கட்டினால், ஐந்தாண்டு முடிவில் கட்டியது 1,50,000, கிடைப்பது ஏறத்தாழ 1,78,400. கணக்குத் தொடங்கிய நாளின் வட்டியே இறுதிவரை. பன்னிரண்டு தவணைக்குப் பிறகு இருப்பில் பாதிவரை கடன் வாங்கலாம். மூன்றாண்டு கழித்து இடையில் முடித்தால் சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும். இதன் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஏலக்காட்டில் பங்குனி, சித்திரையில் காய் பறிப்பு இருக்காது, வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேலை கிடைத்தாலே பெரிது. தவணை தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம். நான்கு தவணை தவறினால் கணக்கு நின்றுபோகும். ஆகவே கோடையில் கட்ட முடிகிற தொகை எதுவோ, அதற்குத்தான் கணக்குத் தொடங்க வேண்டும். ஆவணியில் கையில் புரளும் பணத்தைப் பார்த்துத் தொகை எழுதியவர்கள் எல்லாரும் சித்திரையில் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

வங்கியைப் பற்றி ஒரு செய்தி மட்டும். 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருடைய வைப்புக்கு 5 லட்சம் ரூபாய்வரை காப்பீடு உண்டு. பெயர்ப்பலகையில் வங்கி என்று எழுதியிருந்தாலும் தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் இந்தக் காப்பீட்டுக்குள் வரா. தங்கத்தைப் பொறுத்தவரை, செய்கூலியும் சேதாரமும் 3 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் வாங்கும் நாளிலேயே போய்விடுகின்றன. ஆனால் நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய குடும்பம், மறுநாள் காலை அடகு வைக்கக்கூடியது அது ஒன்றைத்தான்.

பலரின் பணத்தைத் திரட்டிப் பங்குச் சந்தையில் போடும் மியூச்சுவல் ஃபண்டை அஞ்சலகத்தோடு சேர்த்து ஒரே தராசில் நிறுத்துவது சரியன்று. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் கண்காணிப்பு உண்டு, ஆனால் இவ்வளவு கிடைக்கும் என்று உறுதி சொல்ல யாருக்கும் அனுமதி இல்லை. 2020 ஜனவரி நடுவில் 12,362இல் இருந்த நிஃப்டி என்ற பங்குச் சந்தைக் குறியீடு, மார்ச் 23 அன்று 7,610இல் வந்து நின்றது. அந்த மார்ச்சில் மகள் திருமணத்துக்கு எடுக்க வேண்டியிருந்தவருக்கும், எடுக்கத் தேவையில்லாமல் தொடர்ந்து போட்டவருக்கும் அதே ஃபண்டு அளித்த அனுபவம் ஒன்றாக இருந்திருக்காது. ஏழெட்டு ஆண்டு தொட வேண்டாத பணம் இருப்பவருக்கு, முகவர் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானில் 500 ரூபாய் போடுவதை நான் தடுக்க மாட்டேன். வாரச் சம்பளத்தில் வாழ்கிறவருக்கு அதை முதல் இடமாகச் சொல்லவும் மாட்டேன்.

இனி செல்போன். கேஷ்பேக், ஸ்கிராட்ச் கார்டு, ரிவார்டு புள்ளி ஆகியவை செலவின்மீது வரும் தள்ளுபடிகள். எப்படியும் கட்ட வேண்டிய கரண்ட் பில்லுக்கு ஐந்து ரூபாய் திரும்பினால் வாங்கிக்கொள்ளலாம். அதைச் சேமிப்பு என்று பெயர் சூட்டும்போதுதான் கணக்குப் பிசகுகிறது. வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்று வருபவை முற்றிலும் வேறு இனம். போன மாதம் கூடலூரிலிருந்து வரும் ஒரு பெண் தன் போனை என்னிடம் நீட்டினார். திரையில் மஞ்சள் காசுகள் உதிர்ந்துகொண்டிருந்தன; கீழே வாலட்டில் 4,300. "அண்ணே, காசு கெடக்கு, எடுக்க மட்டும் வரமாட்டேங்குது" என்றார். முதல் வாரம் 50, பிறகு 150 என்று உண்மையாகவே வந்திருக்கிறது. அந்த நம்பிக்கையில் 500 கட்டியிருக்கிறார். இப்போது 'சரிபார்ப்புக் கட்டணம்' 1,499 கேட்கிறது.

மற்ற எல்லா இடங்களிலும் பணத்தை எடுக்க வரம்போ காத்திருப்போ ஜாமீனோ கேட்கிறார்கள். எடுப்பதற்காகவே மேலும் பணம் கேட்பது இங்கே மட்டும்தான். விளக்கிச் சொல்வதைவிடச் செய்து காட்டலாமென்று, யு.பி.ஐ.யில் அவருக்கு ஒரு ரூபாய் அனுப்பினேன். டிங் என்று வந்து விழுந்தது. பின் நம்பர் எதையும் கேட்கவில்லை. அதையே எனக்குத் திருப்பி அனுப்பச் சொன்னபோது கேட்டது. "வாங்குறதுக்குக் கேக்காதா அண்ணே?" என்று இருமுறை கேட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் போட்டார். போன 500 இன்னும் திரும்பவில்லை.

மறு வாரம் அஞ்சலகத்தில் 1,000 ரூபாய்க்குத் தொடர் வைப்புத் தொடங்கினார். கோடையிலும் அவரால் கட்ட முடிகிற தொகை அது. மீதி 1,500 சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டும் என்பதால் சிட்டியில் அவருக்கு ஆசை விடவில்லை. ஜாமீனுக்கு எதை வைப்பது என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, ஆடியில் காய் பறிப்புத் தொடங்கும்போது சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.