பாட்ஸ்டோ ஏரியா, ஃபிராங்க்ளின் பார்க்கரா: பைன் பேரன்ஸில் ஒரு சுற்று நடை

ஏப்ரலில் ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு வயது 68. முழங்கால் வலி உண்டு, ஆனாலும் காலை நடையை விட மாட்டார். அவரையும் எட்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு, தெற்கு நியூ ஜெர்சியின் பைன் பேரன்ஸ் மணற்காட்டில் மேடேறாமல் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் பாதை ஒன்றைத் தேடினேன். கடைசியில் இரண்டு மிஞ்சின: வார்ட்டன் மாநிலக் காட்டில் உள்ள பாட்ஸ்டோ ஏரிப் பாதை, சாட்ஸ்வொர்த் அருகே உள்ள ஃபிராங்க்ளின் பார்க்கர் காப்பகம். மே மாதமும் அக்டோபரிலும் இரண்டிலும் நடந்துவிட்டோம். என் ஓட்டு ஃபிராங்க்ளின் பார்க்கருக்கு.

வெள்ளை மணல், நெருப்பில் கருகினாலும் அடிமரத்திலிருந்தே மறுபடி துளிர்க்கும் பிட்ச் பைன், பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் தண்ணீர் ஆகியவை இரண்டு இடத்துக்கும் பொது. சிடார் மரங்களின் சாயமும் மண்ணின் இரும்பும் கலந்து வந்த நிறம் அது. அழுக்கு என்று நினைத்து அம்மா முதலில் கையை வைக்கவே தயங்கினார்.

வசதி என்று பார்த்தால் பாட்ஸ்டோதான். கழிப்பறை, வரவேற்பு மையம், வாகனம் நிறுத்த நல்ல இடம் எல்லாம் உண்டு. பக்கத்திலேயே 1766இல் தொடங்கிய இரும்பாலையின் பழைய கிராமம். சதுப்பில் படியும் இரும்பை எடுத்து உருக்கிய ஊர் அது. அமெரிக்க விடுதலைப் போரில் படைக்குத் தேவையான இரும்புப் பொருள்கள் இங்கிருந்து போயின. பாதையில் பைன் ஊசிகள் படிந்து மணலை இறுக்கியிருப்பதால் கால் புதைவதில்லை, நிழலும் உண்டு. முழங்காலை மட்டும் நினைத்தால் இதையே சொல்லியிருப்பேன்.

என் கணக்கை மாற்றியது உண்ணி. போன வருடம் வேறொரு காட்டின் ஒற்றையடிப் பாதையில் நடந்து வீடு திரும்பிய இரவு, மகளின் முழங்காலுக்குப் பின்னால் கசகசா அளவில் ஒரு புள்ளியைப் பார்த்தேன். மான் உண்ணியின் குஞ்சு. உண்ணி கடித்துப் பாக்டீரியாவால் வரும் லைம் நோயைப் பரப்புவது இதுதான். பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் நோய் தொற்றும் என்பதால் தப்பித்தோம். ஆனால் அன்றிரவு நான் தூங்கவில்லை. உண்ணிக்குப் பறக்கவும் தெரியாது, தாவவும் தெரியாது. புல் நுனியிலோ புதர் இலையிலோ முன்னங்காலை நீட்டிக் காத்திருந்து, உரசிப் போகும் காலைப் பற்றிக்கொள்கிறது. அதனால் புதர் காலில் உரசுமா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. அழகு, நிழல், நீளம் எல்லாம் அதற்குப் பிறகு.

பாட்ஸ்டோ ஏரிப் பாதையில் நாங்கள் நடந்த பகுதியில் பல இடங்களில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடிந்தது. இரு பக்கமும் ஹக்கிள்பெர்ரிச் செடிகள் முழங்கால் உயரத்துக்கு நெருங்கி நின்றன. மகளை நடுவில் நடக்கச் சொல்லக்கூட வழியில்லை.

ஃபிராங்க்ளின் பார்க்கரின் கதை வேறு. இது முன்பு கிரான்பெர்ரித் தோட்டம். 2003இல் நியூ ஜெர்சி கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற நிலப் பாதுகாப்பு அமைப்பு ஒன்பதாயிரம் ஏக்கருக்கும் மேல் வாங்கிக் காப்பகமாக்கியது. பழம் விளைந்த வயல்கள் இப்போது சதுப்பாகத் திரும்பிக்கொண்டிருக்கின்றன; வயல்களுக்கு நடுவே வண்டி போவதற்காகப் போட்ட கரைகளே நடைபாதை. அம்மா, மகள், நான் மூவரும் தோளோடு தோள் சேர்ந்து நடந்தோம், ஓர் இலைகூட உரசவில்லை. கரை மேலிருந்து பார்த்தால் இரு பக்கமும் தண்ணீரும் வானமும்தான். காட்டுக்குள் நடக்கும்போது கிடைக்காத விரிவு அது.

குறையும் உண்டு. 563ஆம் எண் சாலையில் ஸ்பீட்வெல் பக்கம் நாங்கள் இறங்கிய இடத்தில் கழிப்பறை இல்லை. சில இடங்களில் மணல் சர்க்கரை போலப் பொலபொலவென்று இருந்ததால் அம்மா இரண்டு முறை நின்று நின்று நடந்தார். எல்லாப் பாதையும் அகலமானதும் இல்லை. மரங்களுக்குள் நுழையும் ஒற்றையடிப் பிரிவுகளும் உண்டு. நாங்கள் அவற்றைத் தவிர்த்து, கரைகளை மட்டும் சேர்த்துச் சின்ன வட்டமாகத் திரும்பிவிட்டோம். முழுச் சுற்றையும் நடந்தவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

எங்கே போனாலும் உண்ணிக்கு எதிராக வெளிர் நிறக் காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் துணிகளை உலர்த்தும் இயந்திரத்தில் நல்ல சூட்டில் பத்து நிமிடம் ஓட விடுங்கள். அகலமான கரையிலும் நாங்கள் இதை விடவில்லை.

ஜூலை வெயிலில் கரை மேல் நாங்கள் நடந்ததில்லை. நிழலே இல்லாத அந்த இடத்தில் முதியவர்களுக்குக் கடினமாகத்தான் இருக்கும். பாட்ஸ்டோவின் நிழல் அப்போது இழுக்கும், ஆனால் மே முதல் ஜூலை வரைதான் உண்ணிக் குஞ்சுகள் மிகுதி. எங்கள் வீட்டில் அதற்கு முடிவு விடியற்காலை ஆறரை மணிக்குக் கரையில் இறங்கிவிடுவது. அடுத்த ஆண்டு அம்மா வரும்போது பார்க்க வேண்டும்.